கட்டைவிரல் பொய் சொல்லாது

தார்வாட்,
சனிக்கிழமை காலை, இரண்டாவது டீக்குப் பிறகு.

பாதாமியில் சோளமும் எருமையுமாகச் செழித்திருக்கும் மதிப்புக்குரிய மைத்துனர் சங்கரப்பா அவர்களுக்கு, தங்கள் தங்கை குசுமாவைக் கட்டிக்கொண்ட மல்லேசப்பா பணிவோடு எழுதுவது. தங்கள் முழங்கால் வலியும், உங்கள் வீட்டு அக்காவின் இருமலும், செவலை எருமையின் காம்புப் புண்ணும் பசவேசுவரர் அருளால் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். நலம் என்று எழுதலாமா கூடாதா என்பதைத்தான் இந்தக் கடிதம் விசாரிக்கப்போகிறது.

செவ்வாய்க்கிழமை நான் போட்ட தபால் அட்டையில் "உங்கள் தங்கை விஷயம், உடனே வரவும்" என்று மட்டும் எழுதியது தப்புதான். அதைப் பார்த்துவிட்டு அக்கா அழுதார்களாமே. குசுமா நன்றாக இருக்கிறாள், காலையில் மூன்று ரொட்டி சாப்பிட்டாள். விஷயம் வேறு. அவள் என்னை விட்டுவிட்டு உங்கள் வீட்டுக்கு வந்துவிடப் போகிறாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. சும்மா வரவில்லை. தடயத்தோடு வந்தது.

நான் ரயிலில் டிக்கெட் பரிசோதகனாக முப்பத்தாறு வருஷம் இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆளைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்பதும் தெரியும், உங்கள் வீட்டுக் கல்யாணப் பந்தியில் மூன்றாம் தடவையாக உட்கார்ந்தவனைக் காட்டிக் கொடுத்தது நான்தான். டிக்கெட் இல்லாதவன் வாயால் என்ன வேண்டுமானாலும் சொல்வான், அவன் உடம்பு அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும். காலியாக இருக்கிறதென்று தெரிந்த சட்டைப்பையையே தட்டிப் பார்ப்பான். காதைச் சொறிவான். உடம்பு என் பக்கம் இருக்கும், பாதம் மட்டும் கதவுப் பக்கம் திரும்பியிருக்கும். மேல் படுக்கையில் தூங்குவதுபோல் நடிக்கிறானா என்று பார்க்க நான் முகத்தைப் பார்ப்பதே இல்லை, கால் கட்டைவிரலைத்தான் பார்ப்பேன். நிஜமாகத் தூங்குகிறவன் கட்டைவிரல் தொளதொளவென்று சாய்ந்திருக்கும். நடிக்கிறவனுக்கு அது விறைத்து நிற்கும். முகத்தை அடக்கத் தெரிந்தவனுக்கும் அதை அடக்கத் தெரியாது. இதுவரை நான் பார்த்ததில் கட்டைவிரல் பொய் சொன்னதே கிடையாது.

இப்படிப்பட்டவன் ஓய்வு பெற்று மூன்று மாதமாக வீட்டில் இருக்கிறேன். முன்பெல்லாம் வாரத்தில் நாலு நாள் வண்டியில், மூன்று நாள் வீட்டில். இப்போது ஏழு நாளும் வீடு. குசுமாவுக்கு இது பிடித்திருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை வந்தது. கேட்டேன். "அதுக்கென்ன, இருங்க"ன்னு சொன்னா. இது பதிலா மச்சான்? ரிசர்வேஷன் பெட்டியில எடம் கேக்கறவனுக்கு நானே இதவிட மரியாதையா சொல்லுவேன். சரி, வாய் சொல்லாததை உடம்பு சொல்லும் என்று அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

என்ன சொல்வது. எல்லா லட்சணமும் இருந்தது. நான் அடுக்களைக்குள் நுழைந்தால் அவள் பாதம் கொல்லைக் கதவைப் பார்த்துத் திரும்புகிறது. நான் பேசினால் முறத்தைத் தூக்கி நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொள்கிறாள். மத்தியானம் படுக்கிறாள், நான் ஓசைப்படாமல் போய்க் கால்மாட்டில் குனிந்து பார்த்தால், கட்டைவிரல் விறைத்து நிற்கிறது. சொந்த வீட்டில், சொந்தப் பாயில், யாரும் டிக்கெட் கேட்காத இடத்தில் ஒரு மனுஷி எதற்காகத் தூங்குவதுபோல் நடிக்க வேண்டும்? நாலு நாள் தொடர்ந்து குனிந்து பார்த்தேன். அஞ்சாம் நாள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"என்னங்க, டிக்கெட் காட்டணுமா?"

இதற்கிடையில் பக்கத்து வீட்டில் ஒரு விபரீதம் நடந்துவிட்டது. கிரிஜக்காவுக்கும் குசுமாவுக்கும் பெரிய சிநேகம், ஆகவே அந்த வீட்டிலும் கொஞ்சம் கவனித்து வைப்போம் என்று போனேன். கிரிஜக்காவின் புருஷர் குல்கர்ணி மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு, உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மாஸ்டர் எதையோ மறைக்கறாரு"ன்னு நான் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். அந்த மனுஷர் பத்து நிமிஷத்தில் உடைந்துபோய், தினமும் மருந்துக்கடைக்கு என்று சொல்லிவிட்டுப் போய் இரண்டு பேடா சாப்பிடுவதை ஒப்புக்கொண்டார். அவருக்குச் சர்க்கரை முன்னூறு. இப்போது கிரிஜக்கா அவரோடு பேசுவதில்லை, அவர் என்னோடு பேசுவதில்லை. என் கணிப்பு சரிதான் என்பதை மட்டும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

குசுமா விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாயும் வெள்ளியும் நாலரை மணி ஆனால் "கோயிலுக்குப் போயிட்டு வரேன்" என்று கிளம்புகிறாள். கையில் பூ இல்லை, தேங்காய் இல்லை. பையை மட்டும் அக்குளில் இடுக்கிப் பிடித்திருக்கிறாள், டிக்கெட் இல்லாத பெண்பிள்ளைகள் பிடிக்கிற மாதிரியே. திரும்பி வரும்போது நெற்றியில் புதுக் குங்குமம் இல்லை, ஆனால் புடவையில் பச்சை வெங்காயமும் பொரியும் மணக்கிறது. எந்தக் கோயிலில் கிர்மிட் பொரி பிரசாதம் கொடுக்கிறார்கள்? நேரே கேட்கவில்லை. டிக்கெட் இல்லாதவனிடம் முதலில் டிக்கெட் கேட்கக் கூடாது, வண்டி எந்த ஊருக்குப் போகிறது என்றுதான் கேட்க வேண்டும். அதனால் "கோயில்ல கூட்டமா?" என்று கேட்டேன். "வண்டி லேட்டு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் உங்களுக்கு அட்டை போட்டேன்.

நேற்று வெள்ளிக்கிழமை பின்னாலேயே போனேன். நாற்பதடி தள்ளி, முகத்துக்கு நேராகச் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு. (இரண்டு தடவை சைக்கிளில் மோதினேன், அது கிடக்கட்டும்.) கோயில் வந்தது, அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்துபோனாள். நேரே ரயில் நிலையம். மச்சான், பெட்டி படுக்கை ஒன்றும் இல்லாமல் கிளம்புகிற அளவுக்கு நான் என்ன செய்துவிட்டேன், கட்டைவிரலைத்தானே பார்த்தேன். அவள் கவுன்ட்டரில் ஏதோ வாங்கிக்கொண்டு ஒன்றாம் பிளாட்பாரத்துக்குள் போனாள். நானும் விறுவிறுவென்று போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், தூண் மறைவில் ஒரு பெஞ்சு. அதில் இரண்டு காலையும் மேலே மடித்துப் போட்டுக்கொண்டு, காகிதத்தில் கிர்மிட்டை வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் உங்கள் தங்கை. அந்த முகத்தை நான் வீட்டில் பார்த்ததே இல்லை. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது பக்கத்தில் ஒரு குரல்.

"ஐயா, டிக்கெட்?"

கறுப்புக் கோட்டுப் போட்ட சின்னப் பெண். இருபத்தஞ்சு வயசு இருக்கும், புதிதாக வந்தவள்போல, எனக்கு முகம் பழக்கமில்லை. முப்பத்தாறு வருஷம் கோட்டோடு அந்த வாசலில் நுழைந்தவனுக்கு பிளாட்பாரம் டிக்கெட் வாங்க வேண்டும் என்று எங்கே தோன்றும். என் கை தானாகப் போய்ச் சட்டைப்பையைத் தட்டியது. அது காலி என்று எனக்குத் தெரியும். அடுத்தது காதைச் சொறிந்தது. நான் செய்வதை நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன் மச்சான், நிறுத்த முடியவில்லை.

"நான் யாருன்னு தெரியுமாம்மா உனக்கு?"

இதைப் பத்தில் ஒன்பது பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"தெரியாதுங்கய்யா. ஆனா உங்க காலு வாசல் பக்கம் திரும்பியிருக்கு" என்றது அந்தப் பெண். மரியாதையாகத்தான் சொன்னது.

குனிந்து பார்த்தேன். திரும்பித்தான் இருந்தது. நான் திருடனா? ஒன்றும் செய்யாதவனுக்கும் கோட்டைக் கண்டால் உடம்பு இப்படித்தான் ஆகும்போல. இது தெரியாமல் எத்தனை நல்லவர்களை நான் கழிவறை வரைக்கும் துரத்தியிருக்கிறேனோ.

"அவரு டிக்கெட் என்கிட்ட இருக்கும்மா" என்றாள் குசுமா, பெஞ்சிலிருந்து காலைக்கூட இறக்காமல். முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு டிக்கெட்டைக் காட்டினாள். இரண்டு. அந்தப் பெண் பார்த்துவிட்டுப் போய்விட்டது. நான் போய் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"எத்தன நாளா நடக்குது இது?"

"முப்பத்து நாலு வருஷமா. செவ்வாயும் வெள்ளியும் அஞ்சேகால் வண்டியிலதான நீங்க வந்து எறங்குவீங்க. வந்து உக்காந்திருப்பேன். நீங்க எறங்கறதப் பாத்துட்டு, சந்து வழியா முன்னாடியே வீட்டுக்குப் போயி டீ போடுவேன்."

"நான் உன்னப் பாத்ததே இல்லையே."

"டிக்கெட் இல்லாதவங்களத்தான நீங்க பாப்பீங்க. என்கிட்ட டிக்கெட் இருந்துச்சு."

நான் வாசலில் செருப்பை விடும்போது டீ எப்படிச் சரியாகக் கொதித்துக்கொண்டிருக்கும் என்று இத்தனை காலம் எனக்கு ஆச்சரியம். அவளுடைய உள்ளுணர்வு என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அவள் சொல்கிறாள், கோட்டு என் தோளில் கிடந்தால் வண்டியில் சண்டை, அன்றைக்கு இஞ்சி தூக்கலாகப் போடுவாள். கையில் மடித்திருந்தால் பசி, ரொட்டியைச் சுடவைப்பாள். கோட்டைக் கழற்றாமலே இறங்கினால் யாரையோ பார்த்துப் பாவப்பட்டு விட்டுவிட்டிருக்கிறேன் என்று அர்த்தமாம், அன்றைக்கு எதுவும் கேட்கமாட்டாளாம். இது எனக்கே தெரியாது மச்சான். யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது.

"அப்போ இதை ஏன் மறைச்ச?"

"சொன்னா நீங்களும் கூட வந்து, யாருகிட்ட டிக்கெட் இல்லன்னு காதுல சொல்லிக்கிட்டே இருப்பீங்க. நான் எப்ப வேடிக்கை பாக்கறது?"

"தூங்கற மாதிரி ஏன் நடிக்கற?"

"ஒரு ஆளு வந்து கால்மாட்டுல நின்னு உத்து உத்துப் பாத்தா தூக்கம் வருமா? வீட்டுக்குள்ள எங்க திரும்பினாலும் நீங்க பாத்துக்கிட்டே நிக்கறீங்க. கோட்டைக் கழட்டிட்டீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு அப்படித் தெரியல."

அஞ்சேகால் வண்டி வந்து நின்று போனது. அதிலிருந்து யாரும் எங்களுக்காக இறங்கவில்லை. அவள் கிர்மிட்டை என் பக்கம் நகர்த்தினாள். எதிரே போன ஒரு ஆளிடம் டிக்கெட் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது, வாயை மூடிக்கொண்டு பொரியைத் தின்றேன்.

நான் வீட்டில் இருப்பது பிடித்திருக்கிறதா என்று மறுபடி கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை என்று ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. நான் அவள் பின்னால் நாற்பதடி தள்ளி வருகிறேன், அவள் திரும்பியே பார்க்கவில்லை, ஆனால் கவுன்ட்டரில் இரண்டு டிக்கெட் வாங்கியிருக்கிறாள். நான் வருவேன் என்று தெரிந்திருக்கிறது. வரட்டும் என்று நினைத்திருக்கிறாள். இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன பதில் வேண்டும்? ஆகவே தாங்கள் புறப்பட்டு வர வேண்டாம். ஆட்களைப் படிக்கிற வேலையை இன்றோடு விட்டுவிட்டேன், எனக்கு அது தெரியவும் தெரியாது. தங்கள் முழங்காலுக்குப் பலமும், அக்காவுக்கு நல்ல தூக்கமும், எருமைக்குப் பாலும் பெருக எல்லாம் வல்ல பசவேசுவரரை வேண்டிக்கொண்டு, உங்கள் தங்கையைத் தந்தமைக்கு முப்பத்து நாலு வருஷம் தாமதமாக நன்றி சொல்லி முடிக்கிறேன்.

தங்கள்,
மல்லேசப்பா

பி.கு.: கடிதத்தை ஒட்டும் முன்பு குசுமாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த ரெண்டாவது டிக்கெட்டு கிரிஜக்காவுக்கு வாங்கினது. பேடா சண்டையில அவங்க வரல, அதான் மிச்சம் இருந்துச்சு" என்றாள். எனக்குச் சப்பென்று போய்விட்டது. மேலே எழுதியதெல்லாம் வீண். தாங்கள் புறப்பட்டு வருவதே நல்லது என்றுதான் அடுத்த வரியை எழுத இருந்தேன். ஆனால் அவள் காலை நீட்டி உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள், என் கண் சும்மா இருக்காமல் கீழே போய்விட்டது. வலது கால் கட்டைவிரல் விறைத்து நின்றது. பார்த்தேன், பார்க்காததுபோல் கடிதத்தை மடித்தேன், அபராதம் போடாமல் விட்டுவிட்டேன். தாங்கள் வர வேண்டாம்.