கல்யாணப் பத்திரிகையில் அஸ்தமனம்

மதிப்புக்குரிய சம்பந்தி ராஜபாண்டி அவர்கள் சமூகத்துக்கு,

மும்பை தாராவியிலிருந்து பூலோகம் வணங்கி எழுதிக்கொள்வது. சங்கரன்கோவிலில் தாங்களும் மதினியும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். இங்கே நாங்கள் சுகமில்லை. வியாழக்கிழமை தாங்கள் போனில், “பொழுது அடையிற படத்தையா பத்திரிகையில போடச் சொல்லுதீரு? என் மவன் வாழ்க்கை அடையணும்னா? கல்யாணத்த நிறுத்தும்வே!” என்று சொல்லிப் போனை வைத்ததிலிருந்து இந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அதற்கப்புறம் நாற்பது தடவை கூப்பிட்டும் தாங்கள் எடுக்காததால் கடிதம் எழுதுகிறேன்.

தப்பு என்னுடையதுதான். பத்திரிகைக்குப் படம் கேட்டீர்கள். மகள் மாரீஸ்வரி ஒன்றை என் போனுக்கு அனுப்பினாள். நான் கண்ணாடி போடாமல் தங்களுக்குத் தள்ளிவிட்டேன். அவள் பின்னால் கடலில் சூரியன் பாதி முங்கிக் கிடந்ததைக் கவனிக்கவில்லை. ஏறுபொழுதில் தாலி கட்ட நாள் குறித்துவிட்டு, இறங்குபொழுதை அட்டையில் போடலாமா? தங்கள் கோபம் நியாயம்.

சரி, உதிக்கிற சூரியனோடு வேறு படம் எடுத்து அனுப்பிவிடுவோம் என்று, எங்கள் தெரு ஸ்டூடியோக்காரர் இஜாஸ் பாயைக் கூட்டிக்கொண்டு, மகளுக்குப் பட்டுச்சேலை கட்டி, விடிவதற்கு முன்னாலேயே மாஹிம் கடற்கரைக்குப் போய்விட்டோம். திருச்செந்தூரில் கடலைப் பார்த்து நின்றால் சூரியன் வருமே, அந்த நினைப்பில் கடலையே பார்த்து நின்றோம். ஏழு மணி ஆயிற்று. என் சம்சாரம் ஆறுமுகத்தாய், “ஏங்க, எனக்கு முதுகு சுடுது” என்றாள். திரும்பிப் பார்த்தால் மாடிக்கட்டடங்களுக்கு மேலே சூரியன் எப்போதோ ஏறி நிற்கிறது! முப்பத்தேழு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன் சம்பந்தி, பட்டறைக்குள்ளேயே கிடந்ததால் இங்கே கடல் மேற்கே கிடக்கிறது என்று யோசித்ததே இல்லை.

மறுநாள் டிராம்பேக்குப் போனோம், அங்கே கிழக்கே தண்ணீர் உண்டு என்றார் பாய். சூரியனும் நல்லபடியாக வந்தது, பாய் கேமராவைத் தூக்கினார், காவல்காரர் ஒருத்தர் விசிலடித்துக்கொண்டு ஓடி வந்தார். “ஃபோட்டோ மனா ஹை! கோன் ஹோ தும்?” யார் நீங்கள் என்று அதட்டினார். பக்கத்தில் அணுசக்தி நிலையம் இருப்பதால் அங்கே படமே எடுக்கக் கூடாதாம். பட்டுச்சேலையோட பொம்பளப் பிள்ளைய நடுரோட்டுல ரெண்டு மணி நேரம் நிக்க வச்சிட்டாங்க, எல்லாப் படத்தையும் அழிச்சப்புறந்தான் விட்டாங்க. வரும் வழியில் பாய், “பழைய படத்தையே அனுப்பி உதயம்னு சொல்லிடுங்க, படத்துல யாருக்குத் தெரியும்?” என்றார். தங்களிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால் அட்டையில் பிள்ளையாரை மட்டும் போட்டுக்கொள்வோம். என் மகளை வெறுக்காதீர்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வெளியே நிற்காத பிள்ளை. அந்தப் படம் எடுத்த பாந்த்ரா கடற்கரைக்கு அவள் போனதே அந்த ஒரு தடவைதான், அதுவும் தோழிகளோடு. தங்கள் மகன் வெங்கடேஷ் இதே மும்பையில் விக்ரோலியில் வேலை பார்த்தும், தையில் பெண் பார்க்க வந்தபோதுதான் அவர் முகத்தையே பார்த்தாள். கல்யாணம் நின்றுபோனால் நான் தெருவில் தலை காட்ட முடியாது.

பெரியவர்களுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்கு ஏங்கும்,
பூலோகம்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகையில் மாரீஸ்வரி வந்து அழுதாள். அந்தப் படத்தை எடுத்தது வெங்கடேஷ்தானாம், அதுவும் போன தீபாவளிக்கு முன்னாலேயே. ரெண்டு வருஷமா ஞாயிறு தவறாம பாந்த்ரா பாறையில உக்காந்து ரெண்டு பேரும் பொழுது அடையிறதப் படம் எடுக்காங்களாம். நூத்திப் பத்துப் படம் இருக்காம். நம்ம ரெண்டு வீட்டுக்கும் தரகரை அனுப்பி வச்சதும் அவங்கதானாம். ஆக, இந்தக் கல்யாணத்த நிறுத்த உமக்கும் அதிகாரம் இல்ல, எனக்கும் இல்ல. போனை எடும் சம்பந்தி, ஏமாந்தது நாம ரெண்டு பேருந்தான், நாமளாவது பேசிக்கிடுவோம்.