மண்நாடி நூஹுவும் விஞ்ஞான சேரும்

யுத்தம் முடிந்து ஐந்தாம் வருஷம் புத்தளத்துக் கரையில் எல்லோரும் ஒரே கேள்வியோடு அலைந்தார்கள். இனி எங்கே குடியிருப்பது? தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களில் பாதிப் பேர் ஊர் திரும்பலாம் என்றார்கள். மற்றப் பாதி, பிள்ளைகளின் படிப்பு இங்கேதானே என்று தயங்கியது. போனவர்களின் வீடுகள் காலியாயின. காட்டோரத்தில் இருந்தவர்கள் நல்ல பாடசாலை தேடிக் கரைப்பக்கம் இறங்கினார்கள். ஊரே மூட்டை கட்டி மூட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தது. அப்படியான காலத்தில் மூட்டை தூக்குகிறவனைவிட நன்றாகப் பிழைப்பவன் ஒருவன் எப்போதும் முளைப்பான். இங்கே முளைத்தவருக்குப் பெயர் நூஹு.

மண்ணுக்கு நாடி பார்ப்பது அவர் தொழில். குடியேறப் போகிற வளவிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுபோனால் போதும். அந்த மண்ணில் வளரும் பிள்ளை டொக்டராகுமா, டொக்டரிடம் அலையுமா என்று சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்பிட்டி வீதியில் அவர் வீட்டுக்கு முன்னால் ஓட்டோக்கள் வரிசை கட்டும். தொப்பி போட்டவரும் செபமாலை போட்டவரும் ஒரே மர வாங்கில் தோள் உரச உட்கார்ந்திருப்பார்கள். எத்தனையோ பேர் மேடை போட்டுப் பேசியும் வராத ஒற்றுமை, மடியில் ஆளுக்கொரு மண்பையோடு அங்கே வந்து உட்கார்ந்திருந்தது.

அந்த வாங்கில் ஒரு விஞ்ஞான ஆசிரியரும் இருந்தார்.

அவர் பெயர் றஸீன்; பிள்ளைகளுக்கும் ஊருக்கும் 'சேர்'. காட்டோரத்து எலுவன்குளத்தில் பதினொரு வருஷம் படிப்பித்தவர். மகள் ஸஃப்னா ஜனவரியில் ஆறாம் வகுப்புக்குப் போகவேண்டும். அதற்காகவே கெஞ்சிக் கூத்தாடிக் கரையோரப் பாடசாலை ஒன்றுக்கு இடமாற்றம் வாங்கியிருந்தார். மிச்சம் ஒரு வாடகை வீடு மட்டும்தான்.

வீட்டையும் அவர் மனைவி ஜுனைதா ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டாள். பாடசாலை வீதியில் சித்தி லெய்லா என்ற பெண்ணின் வீடு. அவள் குடும்பத்தோடு மன்னார்ப் பக்கத்து முசலிக்குத் திரும்புகிறாள். ஜுனைதா அந்த வீதிக்கு இரண்டு தரம் போனாள். காலை ஏழு மணிக்கு ஒருமுறை, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒருமுறை. வேலியோரம் நின்று, எத்தனை பிள்ளைகள் நடந்து பாடசாலைக்குப் போகின்றன என்று எண்ணினாள். கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தாள். பக்கத்து வீட்டு எமிலியாவிடம் கூச்சமில்லாமல் எல்லாம் கேட்டாள்.

எமிலியாவும் ஒளிக்காமல் சொன்னாள். "மழைக்கு ரோட்டில தண்ணி நிக்கும் தங்கச்சி. வீட்டுக்குள்ள வராது. லொறி இந்தப் பக்கம் திரும்பாது. குடிச்சிட்டுச் சத்தம் போடுற ஒருத்தர் இருக்கிறார், அவர் என்ட சித்தப்பா, எட்டு மணிக்கு நித்திரையாப் போயிருவார். பிள்ளையள் பதினாலு பேர் ஒண்டாத்தான் ஸ்கூலுக்குப் போற. உங்கட மகள் எங்கட மகள் றஜிதாவோட போகலாம்."

ஜுனைதாவுக்கு மனம் ஆறியது. றஸீனுக்கு ஆறவில்லை. ஏனென்றால், ஆசிரியர் அறையில் யாரோ நூஹுவைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். கேட்டதும் றஸீன் விழுந்து விழுந்து சிரித்தார். மூன்று நாள் சிரித்தார். நான்காம் நாள் ஒரு சொப்பிங் பையை எடுத்துக்கொண்டு மண் அள்ளப் போனார்.

"ஒரு பரிசோதனைக்குத்தான்" என்று மனைவியிடம் சொன்னார். படித்தவர்கள் முட்டாள்தனத்துக்கு வைக்கும் பெயர் அது.

நூஹு பித்தளைத் தட்டில் மண்ணைப் பரப்பினார். அதன்மேல் ஒரு கண்ணாடிக் கிண்ணம். கிண்ணத்தில் தண்ணீர், தண்ணீரில் ஒரு துண்டு இலை, இலையில் ஒரு தையல் ஊசி. ஊசி வலப்பக்கம் திரும்பினால் படிப்பு. இடப்பக்கம் திரும்பினால் மறதி.

"எந்த இடத்து மண் சேர்?" என்று பக்குவமாகக் கேட்டார்.

"பாடசாலை வீதி. சித்தி லெய்லாட வளவு."

நூஹு கண்ணை மூடினார். உதடு அசைந்தது. பச்சைக்கல் மோதிரம் போட்ட கை கிண்ணத்தைச் சுற்றி மெல்ல அலைந்தது. ஊசி நடுங்கியது. யாரும் தொடாமலே இடப்பக்கம் திரும்பி நின்றது.

"மறதி மண் சேர். பிள்ளை நல்லாப் படிக்கும். பரீட்சை மண்டபத்துக்குள்ள கால் வச்சதும் படிச்சதெல்லாம் மண்ணுக்குள்ள இறங்கிரும்."

ஊசி தானாகத் திரும்பியதை றஸீன் தன் கண்ணால் பார்த்தார். 'பார்த்தால் மட்டும் போதாது, ஏன் என்று கேள்' என்று பதினொரு வருஷம் பிள்ளைகளுக்குச் சொன்னவர், பார்த்ததோடு நின்றுகொண்டார். தரம் எட்டுக்குக் காந்தம் படிப்பிக்கிறவர் அவர்தான் என்பதையும் இங்கே சொல்லி வைப்பது நல்லது. அவரே பின்னாளில் தன்னைப் பற்றி முதலில் சொல்வது அதைத்தான்.

"அப்ப எங்க பார்க்கலாம் நானா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"உப்பளத்துப் பக்கம் மண் சுத்தம். அங்க ஒண்டு ரெண்டு வீடு காலியா இருக்கெண்டு கேள்வி. எங்கட மச்சான் நெய்னாருக்குத் தெரியும்."

நெய்னார் கதவுக்குப் பின்னால் சாவிக்கொத்தோடுதான் நின்றார்.

அடுத்த நாள் குடும்பமே உப்பளத்து வீட்டைப் பார்க்கப் போனது. சுவரில் இடுப்பளவுக்கு உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உரிந்து கிடந்தது. பாடசாலைக்கு மூன்று கிலோமீற்றர், அதுவும் லொறி ஓடும் பெருவீதியால். பக்கத்தில் பிள்ளைச் சத்தமே இல்லை. நாய்ச் சத்தம் இருந்தது.

ஸஃப்னா வாசலில் நின்று நாலாபக்கமும் பார்த்தாள். "வாப்பா, இங்க ஆர் இருக்கிற?"

"மண் நல்லமாம் மகள்" என்றார் றஸீன்.

"மண்ணோடயா நான் விளையாடுற?"

ஆனாலும் அவர், வருகிற திங்கட்கிழமை சாவி எடுக்கிறேன் என்று நெய்னாரிடம் சொல்லிவிட்டார். லெய்லாவோ ஞாயிறு பின்னேரத்துக்குப் பிறகு வீட்டைப் பிடித்துவைக்க முடியாது, வேறொரு குடும்பம் கேட்டு நிற்கிறது என்று சொல்லியனுப்பியிருந்தாள். சுமுகமான ஒரு வீதி கைநழுவப் போகிறது. இழுத்துப் பிடிக்கவேண்டிய மனிதர் ஊசியின் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

ஜுனைதா அழவில்லை, சண்டை பிடிக்கவுமில்லை. "சரி. சாவி எடுக்க முதல் ஒருக்கா நானும் மண் கொண்டுவாறன். ரெண்டு மண்ணையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பார்க்கட்டும்" என்றாள்.

றஸீனுக்குச் சந்தோஷம். மனைவி திருந்திவிட்டாள் என்று நினைத்தார்.

ஞாயிறு காலை கூட்டம் வாசல்வரை வழிந்தது. ஜுனைதா எமிலியாவையும் கூட்டிக்கொண்டு, இரண்டு பைகளோடு தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். வழக்கமான கேள்வி வந்தது.

"இது பாடசாலை வீதி. இது உப்பளத்து வீடு" என்று ஒவ்வொன்றாக நீட்டினாள்.

முதல் மண்ணுக்கு ஊசி இடப்பக்கம் போனது. இரண்டாம் மண்ணுக்கு வலப்பக்கம், கொஞ்சம் உற்சாகமாகவே போனது. கூட்டம் "சுப்ஹானல்லாஹ்" என்றது. ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். றஸீன் பெருமையோடு மனைவியைப் பார்த்தார்.

"நானா, ரெண்டும் ஒரே மண்" என்றாள் ஜுனைதா. "இப்ப வரக்குள்ள உங்கட கேற்றடியில அள்ளினது. எமிலியா அக்கா சாட்சி."

"ஓம், நான்தான் பை பிடிச்ச" என்றாள் எமிலியா.

"ஒரே குழியில பாதி படிப்பும் பாதி மறதியுமாக் கிடக்குது. உங்கட பிள்ளையள் எந்தப் பக்கம் மிதிச்சு வெளியால போற?"

வாங்கில் இருந்தவர்கள் தங்கள் மடியைக் குனிந்து பார்த்தார்கள். நூஹு அசரவில்லை. அவருக்கு இது தொழில்.

"பேர் மாத்திச் சொன்னா மண் மயங்கும் தங்கச்சி. நிய்யத் பிழைச்சா, எண்ணம் கெட்டா, நாடியும் பிழையாப் போகும்."

கூட்டத்தில் பாதி அதற்கும் தலையாட்டியது. தலையாட்டப் பழகிய கூட்டத்துக்கு நிறுத்தத் தெரியாது. றஸீனின் தலையும் அரை அங்குலம் ஆடியது, அதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை.

"அப்ப பேர் சொல்லாமலே தாறன். பத்துப் பை தாறன். எது எந்த இடமெண்டு நீங்களே சொல்லுங்க."

"அப்படிப் பார்க்க ஏலாது. நாடிக்கு ஒரு மரியாதை இருக்கு."

"நாடி பார்க்கிற டொக்டர் ஊரைக் கேட்டிட்டா மருந்து எழுதுற?"

யாரோ சிரித்தார்கள். நூஹு வலது கையை இழுத்து மடிக்குள் வைத்தார். அப்போது, கிண்ணத்தில் கிடந்த ஊசி அந்தக் கையை வழியனுப்புவது போல அதே பக்கம் திரும்பியதை றஸீன் கண்டார். பதினொரு வருஷம் கரும்பலகையில் அவர் கீறிய படம் அது. அவருக்குள் இருந்த விஞ்ஞானம் லீவு முடிந்து வேலைக்குத் திரும்பியது.

"ஜுனைதா, உன்ட முக்காட்டில இருக்கிற குண்டூசி ஒண்டு தா."

ஊசியை வாங்கி, வணக்கமாகக் கை குலுக்குபவர் போல நூஹுவின் கையைப் பிடித்து, பச்சைக்கல் மோதிரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். குண்டூசி துள்ளிப் போய் மோதிரத்தில் ஒட்டிக்கொண்டு தொங்கியது.

"மோதிரத்தைக் கழற்றிட்டு ஒருக்கா பாருங்க நானா" என்றார்; கோபத்தால் அல்ல, வெட்கத்தால்.

நூஹு கழற்றவில்லை. வாங்கின் நுனியிலிருந்த பஸ்தியான் என்ற மீன்காரர் எழுந்து வந்து, வலை இழுத்துக் காய்த்த கையால் அந்த விரலிலிருந்து மோதிரத்தை உருவி எடுத்தார். கல்லைக் கிளப்பினார். உள்ளே கறுப்பாக ஒரு காந்தத் துண்டு இருந்தது. கிண்ணத்தைச் சுற்றி மோதிரத்தை அவரே ஒரு சுற்றுக் கொண்டுபோனார். ஊசி தாய்ப்பசுவின் பின்னால் போகும் கன்றைப் போல அவர் கைக்குப் பின்னால் போனது.

"இப்ப நானும் மண்நாடிதான்" என்றார் பஸ்தியான். "என்ட கடக்கரை வீட்டு மண் மறதி மண் எண்டு இவர் சொல்லித்தான் உப்பளத்துக்குப் போன. மூண்டு மாசமா மழை பெய்ஞ்சா பிள்ளையள் ஸ்கூலுக்குப் போக ஏலாது. முழங்கால் தண்ணி. வேற வளவு பார்க்கலாமெண்டுதான் இண்டைக்கும் மண்ணோட வந்த."

"உங்களுக்கும் உப்பளமா?" என்று பக்கத்திலிருந்தவர் கேட்டார். "எங்களுக்கும் அதுதான் சொன்ன."

"எங்களுக்கும்."

"எங்களுக்கு அதுக்கு அடுத்த வீடு."

தானாக யாருமே வாடகைக்கு எடுக்காத நெய்னாரின் வீடுகள் எல்லாவற்றுக்கும் மண் சுத்தமாக இருந்தது. மனிதர் வாழ்ந்து நல்லது என்று சொன்ன வீதிகள் எல்லாவற்றுக்கும் மறதி பிடித்திருந்தது. வாங்கில் ஒருவரோடொருவர் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் முதல் ஞாயிறே விளங்கியிருக்கும். அவரவர் மண்பையை அவரவர் கட்டிப் பிடித்துக்கொண்டு வாய் மூடி இருந்தார்கள், ஆசிரியர் உட்பட. இதற்குள் பின்வாசல் வழியாகச் சாவிக்கொத்தின் சத்தம் தேய்ந்து போனது. நூஹு தலைவலி என்று சொல்லி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அடுத்த ஞாயிறு அந்த வீட்டில் பூட்டுத் தொங்கியது.

றஸீனும் ஜுனைதாவும் அங்கிருந்து நேரே லெய்லாவிடம் போய்ச் சாவியை வாங்கினார்கள். ஜனவரியில் பாடசாலை வீதியில் பதினைந்து பிள்ளைகள் நடந்தார்கள். பதினைந்தாவது ஸஃப்னா. முதல் தவணையில் அவளுக்குக் கணிதம் ஐம்பத்தொன்று. குற்றம் சொல்ல மண் கிடைக்காததால், வாப்பா தினமும் பின்னேரம் கதிரையை இழுத்துப்போட்டு அவளோடு உட்காரவேண்டி வந்தது. இரண்டாம் தவணையில் அறுபத்தெட்டு.

காந்தப் பாடம் வந்தபோது றஸீன் தரம் எட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைத் தன் பெயரையே வைத்துச் சொன்னார். கடைசி வாங்கிலிருந்து ஒரு பிள்ளை, "சேர், நீங்க விஞ்ஞானம் படிச்சனீங்கதானே?" என்று கேட்டது.

"படிச்சன் மகள். பரீட்சைக்கு" என்றார்.

இதோடு கதை முடிந்திருந்தால் மனிதருக்கு மரியாதையாக இருந்திருக்கும். முடியவில்லை. ஒரு நாள் சந்தியில் இப்றாஹிமின் தேத்தண்ணிக் கடையில் அவர் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். கிளாஸைத் துடைத்துக்கொண்டே இப்றாஹிம் சொன்னார்: "நூஹு கள்ளன்தான் சேர். அது எனக்கு முதல்லயே தெரியும். அசல் ஆள் சிலாபத்தில இருக்கிறார். கிணத்துத் தண்ணியைப் பார்த்தே பிள்ளை ஓஎல் பரீட்சையில பாஸா பெயிலா எண்டு சொல்லுவாராம்."

"சிலாபத்தில எங்க?" என்று றஸீன் கேட்டார்.

கேட்ட பிறகுதான் தன் குரல் தனக்கே கேட்டது. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வீட்டுக்கு நடந்தார். போய் ஜுனைதாவிடம் அதையும் சொன்னார். அவள் மிளகாய் நறுக்கிக்கொண்டே சிரித்தாள்.

ஏமாற்றுகிறவன் ஊரைவிட்டு ஓடிவிடுவான். "எங்க?" என்று கேட்கிற வாய் நம்மோடேயே வீட்டுக்கு வந்து, நம்மோடேயே சோறு தின்னும். அடுத்தமுறை அது திறக்கும்போது, விலாசம் கேட்க முதல், "எப்படி?" என்று ஒரு தரம் கேட்கப் பழக்குங்கள். அந்த ஒரு சொல்லுக்குப் பதில் சொல்ல எந்தச் சிலாபத்திலும் ஆள் இருக்கமாட்டார்.