ஹார்ட் டிரைவுக்கு ஒரு பொருத்தனை

ஒஸ்வால்ட் தன் வாழ்நாளில் மூன்று பேருக்குத்தான் பயந்தவர். கொச்சிக்கடைக் கோயில் அந்தோனியார், கப்பல் கம்பனியில் அவருக்கு மேலே இருந்த பெரிய கிளாக், மனைவி புளோறன்ஸ். பெரிய கிளாக் பென்ஷனில் போய்விட்டார். மற்ற இரண்டு பேரும் இன்னும் பதவியில்தான் இருக்கிறார்கள்.

அந்த ஞாயிறு பின்னேரம், கொட்டாஞ்சேனை வீட்டின் ஹோலில் ஒஸ்வால்ட் கம்பியூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு கறுப்பு ஹார்ட் டிரைவ். அதற்குள் இருபத்தைந்து வருடக் குடும்ப வாழ்க்கை இருந்தது. எத்தனையோ தடவை அதைக் கையில் வைத்து, 'இவ்வளவும் இதுக்குள்ள எப்பிடி அடங்கியிருக்கு?' என்று அவர் பிரமித்துப் போயிருக்கிறார். இன்று அது டக், டக் என்று சத்தம் போட்டது. ஒரு படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போய், தேத்தண்ணி போட்டுக் குடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிட்டு வந்தால், அந்தப் படத்தில் அவருடைய நெற்றி மட்டும் வந்திருந்தது.

வருகிற சனிக்கிழமை அவர்களுடைய கலியாண வெள்ளி விழா. பூசை முடிந்ததும் கோயில் ஹோலில் கலியாண வீடியோவைப் போட்டுக் காட்டுவதாக ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. அந்த வீடியோவில்தான் புளோறன்ஸின் அப்பா, காலஞ்சென்ற றொபேட் மாஸ்டர், எழும்பி நின்று மகளை வாழ்த்திப் பேசுகிறார். அந்த மனுசனின் குரல் இந்த உலகத்தில் வேறெங்கும் இல்லை.

ஆதியில் அது கசட்டில் இருந்தது. மூன்று வருடத்துக்கு முதல் ஒஸ்வால்ட் அதை டிரைவுக்கு மாற்றி, "உலகமே இந்தப் பெட்டிக்குள்ள வந்திட்டுது புளோறி, இனி இந்தக் குப்பை எதுக்கு?" என்று கசட்டுகளை ஒரு பையில் கட்டி, குப்பை லொறிக்காக வாசலில் வைத்தார். இப்போது அந்தப் பை கண்ணுக்குள் வந்து நின்றது. டிரைவ் செத்தால் மாமனார் இரண்டாம் தடவை சாவார். கொன்றது மருமகன் என்று ஆகும்.

'நானே திருத்துவன். புளோறிக்கு மூச்சும் விடமாட்டன்' என்று அவர் சபதம் எடுத்தார். எடுத்துக்கொண்டு டிரைவைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் வந்தது.

"என்னப்பா, அதைக் காதில வச்சுக்கொண்டு இருக்கிறீங்கள்?"

"சும்மா. தூசி துடைக்கிறன்."

"காதாலயோ?"

"ஓம். இது புது முறை."

புளோறன்ஸ் அவரை மேலும் கீழும் பார்த்தாள். வேறொன்றும் கேட்கவில்லை. இருபத்தைந்து வருட அனுபவத்தில் ஒஸ்வால்ட் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை லீவு போட்டார். புது வயர் வாங்கி மாற்றினார். டக், டக். டிரைவைத் தலைகீழாக வைத்துப் பார்த்தார். டக், டக். கடைசியில் கம்பியூட்டர் கடை மஜீடுக்குப் போன் எடுத்தார்.

"ஒஸ்வால்ட் அண்ணே, டிரைவ எதுல குத்தி ஈக்கீங்க?"

"ஹப்பில மஜீட். ஒரு வயரை நாலாக்குற அந்தச் சின்னப் பெட்டி."

"அப்ப கரண்ட் காணாம ஈக்கும். ஹப்புல ஈக்கிற மத்த சாமான் எல்லாத்தையும் கழட்டிப்போட்டு, டிரைவ மட்டும் வச்சுப் பாருங்க."

ஒஸ்வால்ட் பிரின்டரைக் கழற்றினார். மேசை ஃபேனைக் கழற்றினார்.

"இப்ப வேற ஒண்டும் இல்லயா?"

"ஒண்டுமில்லை."

"நல்லாப் பாத்தீங்களா?"

"நான் என்ன குருடோ? ஒண்டுமில்லை எண்டுறன்!"

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஹப்பிலிருந்து இன்னொரு வயர் புறப்பட்டு, திரைக்குப் பின்னால் போய், சுவரில் ஏறி, இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே எரியும் சிவப்பு லைட்டில் முடிந்தது. போன மாதம் பழைய லைட் எரிந்து போனபோது, படத்தைச் சுற்றி மின்னிக்கொண்டே சுழலும் ஒளிவட்டத்தோடு புது லைட் வாங்கி, அதை ஹப்பில் குத்தியவரும் ஒஸ்வால்ட்தான். சுவாமியார் வந்து வீடு மந்திரித்த நாளிலிருந்து அந்த இடத்தில் வெளிச்சம் இல்லாமல் போனதில்லை. லைட் எரிந்து போனாலும், கரண்ட் போனாலும் மெழுகுதிரி வைப்பார்கள். அதைக் கழற்றலாம் என்ற எண்ணம் அந்த வீட்டில் எவருக்கும் வராது. மஜீட் சாமான் என்றுதான் கேட்டான். ஆண்டவருடைய லைட்டைச் சாமான் என்று யார் சொல்வார்கள்?

"அப்ப டிரைவ் முடிஞ்சுது அண்ணே" என்றான் மஜீட்.

இனி மனித உதவியில்லை. விடிந்தால் செவ்வாய்க்கிழமை, அந்தோனியாரின் நாள். ஒஸ்வால்டின் பெரிய பொருத்தனைகள் எல்லாம் செவ்வாய்க்கிழமையில்தான் நடந்தவை. பதினொரு வருடம் புளோறன்ஸ் கத்தியும் அழுதும் நிற்காத சிகரெட், மகள் டில்ஷானி டெங்கில் கிடந்த கிழமை ஒரே பொருத்தனையில் நின்றது. பிள்ளை எழும்பி நடந்தாள். அவர் அதற்குப் பிறகு சிகரெட்டை மணந்தும் பார்க்கவில்லை. மனைவிக்குக் கொடுத்த வாக்கைப் பத்துத் தடவை முறித்த மனுசன், அந்தோனியாருக்குக் கொடுத்ததை ஒருநாளும் முறித்ததில்லை.

செவ்வாய் காலை ஒஸ்வால்ட் கோயிலுக்குப் போகச் சப்பாத்து மாட்டும்போது புளோறன்ஸ் சமையலறையிலிருந்து சொன்னாள்.

"பக்கத்து வீட்டு றேணுகாவும் அந்தோனியாருக்குப் பொருத்தனை வச்சவவாம். ஒரு மாசத்துக்கு சொக்லேட் சாப்பிடமாட்டாவாம்."

"பிறகு?"

"பிறகென்ன, ஒண்டும் நடக்கேல்ல. சொக்லேட்டைக் குடுத்தா ஆர் கேப்பினம்? உயிரா நினைக்கிற ஒண்டைக் குடுக்கோணும்."

ஒஸ்வால்ட் உயிராக நினைத்த ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் கூட்டாளி றேமண்ட் வீட்டில் நடக்கும் முன்னூற்றி நாலு சீட்டாட்டம். வீட்டில் செபமாலை சொல்லும் அதே நேரத்தில் அங்கே துரும்பு கேட்பார்கள். பத்து வருடமாக வெள்ளிக்கிழமை செபமாலைக்குப் புளோறன்ஸ் தனியேதான் முழந்தாளில் நின்றாள்.

கோயிலில் மெழுகுதிரிச் சூட்டுக்கு நடுவே நின்று அவர் நெஞ்சுருகினார். "அந்தோனியாரே, மாமாவின்ர குரல் வந்தா, இனிச் சாகும்வரைக்கும் சீட்டுக்கட்டைத் தொடமாட்டன்." அந்த உருக்கம் மாமாவுக்காகப் பாதி, சீட்டுக்கட்டுக்காகப் பாதி.

புதன் காலை. ஒஸ்வால்ட் கம்பியூட்டரைப் போட்டார். பக்கத்தில் புளோறன்ஸ் திருஇருதயப் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டக், டக் என்றது. பிறகு டக் நின்றது. டிரைவ் மெல்ல இரைந்தது. படங்கள் மளமளவென்று வந்து குவிந்தன. வீடியோ திறந்தது. வெள்ளைக் கோட்டில் றொபேட் மாஸ்டர் எழும்பினார்.

"என்ர பிள்ளை புளோறன்ஸ்..."

ஒஸ்வால்ட் கதிரையிலிருந்து இறங்கி முழந்தாளில் விழுந்தார். மேலெல்லாம் புல்லரித்தது. புளோறன்ஸ் துணியைக் கையில் பிடித்தபடி அப்பாவின் குரலை முழுக்கக் கேட்டாள். கண் துடைத்தாள். ஒஸ்வால்டுக்கு இனி ஒளிக்க மனம் வரவில்லை.

"புளோறி, புதுமை, பெரிய அற்புதம் நடந்திட்டுது! டிரைவ் செத்துப் போயிருந்தது. கசட்டையும் நான் எறிஞ்சிட்டன். நேற்று அந்தோனியாரிட்டப் போய், சீட்டை விடுறன் எண்டு பொருத்தனை வச்சனான்."

"சந்தோசம். கசட் அலுமாரிக்கு மேல இருக்கு. நீங்கள் வாசல்ல வச்ச உடனேயே நான் எடுத்து வச்சிட்டன்."

ஒஸ்வால்ட் வாயைப் பிளந்து நிமிர்ந்தார். நிமிர்ந்தவருக்கு முதன்முதலாக ஒன்று தெரிந்தது. திருஇருதயத்துக்குக் கீழே மெழுகுதிரி எரிந்தது. ஒளிவட்டம் சுழலவில்லை. புளோறன்ஸின் கையில், துணியோடு சேர்ந்து, ஒரு வயரும் இருந்தது.

பாய்ந்து எழும்பி அந்த வயரைத் திரும்பக் குத்தினார். டக், டக். கழற்றினார். இரைந்தது. குத்தினார். டக், டக்.

"புதுமையும் இல்லை, ஒண்டுமில்லை! கரண்டை லைட் இழுத்ததாலதான் டிரைவ் படுத்தது! அப்ப பொருத்தனையும் செல்லாது!"

"அப்பாவின்ர குரல் வந்தா எண்டு கேட்டனீங்களோ, புதுமையால வந்தா எண்டு கேட்டனீங்களோ?"

ஒஸ்வால்ட் யோசித்தார். கப்பல் கம்பனியில் முப்பது வருடம் ஒப்பந்தம் வாசித்தவர். அதில் ஓட்டையே இல்லை.

"லைட்டைக் கழட்டோணும் எண்டு உமக்கு எப்பத் தெரியும்?"

"திங்கட்கிழமை. நீங்கள் போன்ல கத்தினதைக் கேட்டிட்டு, நீங்கள் குளிக்கப் போன நேரம், ஆண்டவரிட்ட ஒரு நிமிசம் மன்னிப்புக் கேட்டுக் கழட்டிப் பாத்தனான். நல்லா ஓடினது. திரும்பக் குத்திவிட்டனான்."

ஒஸ்வால்ட் திருஇருதயத்தைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். யாருக்கு முன்னால் முழந்தாளில் விழுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"திங்கட்கிழமையே தெரிஞ்சா, திங்கட்கிழமையே சொல்லியிருக்கலாமே!"

புளோறன்ஸ் மெழுகுதிரியை நேராக்கி வைத்தாள்.

"நீங்கள் பொருத்தனை வைக்கிறது செவ்வாய்க்கிழமை எல்லோ."