ஒப்பீட்டு வயல்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு நிகழ்ந்த மாபெரும் முன்னேற்றம் எதுவென்றால், குடவாசல் பக்கத்தில் 'அரசு–தனியார் கூட்டு வேளாண் விரிவாக்கத் திட்டம்' தொடங்கியதுதான். விவசாயிக்குப் புத்தி சொல்ல அரசாங்கம் இனித் தனியாகச் சிரமப்பட வேண்டியதில்லை. மருந்து கம்பெனியுடையது, பந்தல் அரசாங்கத்துடையது, கைதட்டல் விவசாயியுடையது.

பஞ்சநதத்தின் வயல் 'மாதிரி வயல்' ஆனது. அவர் அப்பா காலத்தில் பாதி ஊர் அவர்களுடையது. அடுத்துக் கீழே இருந்த சாமிதுரையின் வயலை, மருந்து போடாத பயிர் எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று காட்டுவதற்காக, 'ஒப்பீட்டு வயல்' என்று அறிவித்தார்கள். சாமிதுரை சிரித்துக்கொண்டான். அந்த வயலும் ஒரு காலத்தில் பஞ்சநதம் வீட்டுடையதுதான். உபரி நிலமென்று அரசாங்கம் எடுத்துக் கொடுத்தது. அதற்காகக் கொடி பிடித்து, அடிபட்டு, ஜெயிலுக்கும் போய் வந்தவர் சாமிதுரையின் அப்பா. பட்டா தன் பேரில் இருக்கும்வரை வயலை என்னவென்று கூப்பிட்டால் என்ன?

நிபுணர்கள் கூடிக் கூடி ஆலோசித்ததில் ஒரு சின்ன விஷயம் விட்டுப்போயிற்று. அந்த ஊரில் தண்ணீர் மேல்வயலில் பாய்ந்து, மடை வழியாகத்தான் கீழ்வயலுக்கு வரும். கம்பெனி கொட்டிய சத்து மருந்தெல்லாம் ஒரே மழையில் இறங்கி சாமிதுரையின் வயலில் குடியேறியது. மாதிரி வயல் காமாலை கண்டதுபோல் வெளுத்துக் கிடந்தது. ஒப்பீட்டு வயல் தளதளவென்று நின்றது.

மாதிரி வயலை ஊருக்குக் காட்டும் விழாவுக்கு முதல் நாள் வேளாண் அலுவலர் ரெங்கசாமி வந்தார்.

"சாமிதுரை, ஒரு சின்ன ஒத்துழைப்பு. பஞ்சநதம் அய்யா வயல்ல இருக்கிற 'மாதிரி வயல்' போர்டை ஒன் வயல்ல நட்டுக்குறோம்."

"போர்டுல அவரு பேருல்ல சார் இருக்கு?"

"பயனாளி பேரு மெட்ராஸ்ல ஓகே ஆயிடுச்சுப்பா. பேரை மாத்த முடியாது. வயலை வேணா மாத்திக்கலாம்."

"எம் பேரை எழுதி நடுங்க. நானே குழி வெட்டித் தர்றேன்."

"நீ ஒப்பீடுய்யா! ஒப்பீடு எப்படி நல்லா வெளையும்? அதுக்கு ரூல் இல்லையே!"

அப்பா அடிபட்டு வாங்கிய நிலத்தில் மறுபடியும் பஞ்சநதம் பேரா? இன்று போர்டு ஏறினால் நாளை ஆள் ஏறுவான். முடியாது என்று சொல்லி அனுப்பினான் சாமிதுரை. காலையில் வந்து பார்த்தால் போர்டு கம்பீரமாக நின்றது.

சிறப்பு விருந்தினர் கதிரைத் தடவிப் பார்த்து உருகினார். பஞ்சநதத்துக்குப் பொன்னாடை விழுந்தது. பாடுபட்டுக் களைத்தவர்போல் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். "எங்கப்பா காலத்துலேருந்தே இது நம்ம வயலு. எப்பவும் நல்லா வெளையும்ங்க!"

அவ்வளவுதான். சாமிதுரை வயலில் இறங்கி, போர்டைப் பிடுங்கித் தோளில் சாத்திக்கொண்டு நேராக மேடை ஏறினான். இதுவும் நிகழ்ச்சி நிரலில் உள்ளதென்று நினைத்துக் கூட்டம் பலமாகக் கைதட்டியது.

ரெங்கசாமி பாய்ந்து மைக்கைப் பிடுங்கினார். "வேற ஒண்ணுமில்ல சார், இவரும் நம்ம கூட்டாளிதான். இவரோட உழைப்பு, அய்யாவோட பேரு. இதுதான் சார் கூட்டு முயற்சி!"

சாமிதுரை போர்டை அவர் காலடியில் இறக்கிவைத்துவிட்டு மைக்குக்குக் குனிந்தான்.

"நல்லா புரியுதுங்க. எங்க தாத்தாவும் இந்தத் திட்டத்துலதாங்க இருந்தாரு. அப்ப அதுக்குப் பேரு பண்ணையாள்."