பின்னிருக்கைப் பட்டை முறுக்கிக்கொண்டது குறித்து மைத்துனருக்கு

என் மனைவியின் உடன்பிறந்தவரே! என் மகளின் தாய்மாமனே! நேற்றைக்கு முந்தைய நாள் இவ்வுலகுக்கு வந்த என் பெயர்த்தியின் உரிமையுள்ள உறவினரே!

இங்கு யாவரும் நலம். அங்கு நலமா என்று கேட்க நேரமில்லை.

காலையிலிருந்து பதினொரு முறை உமது கைப்பேசிக்கு அழைத்தேன். பதினொரு முறையும் நீர் எடுக்கவில்லை. “அவன் எடுக்கவே மாட்டான். போன தடவை வண்டி எப்ப வரும்னு கேக்கறதுக்கு நாப்பது நிமிஷம் பேசினீங்க” என்று உம் அக்காள் விளக்கமளித்தாள். ஆகவே இம்மடலை எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். படத்தையேனும் பாரும்.

குற்றச்சாட்டு இதுதான். சென்ற திங்களில் உம் வீட்டு அலமாரியைக் கொண்டுபோக என் மகிழுந்தைக் கேட்டு வாங்கினீர். பின்னிருக்கையைக் கழற்றினீர். மீண்டும் மாட்டினீர். மாட்டியபோது, இருக்கைப் பட்டையைப் பூட்டும் வார்ப்பூட்டை முன்பின்னாகத் திருப்பிவிட்டீர்! முன்பக்கம் பார்த்திருக்க வேண்டிய சிவப்புப் பொத்தான், இன்று இருக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பட்டையின் உலோக நாக்கை அதற்குள் செலுத்த வேண்டுமானால் அரைச் சுற்று முறுக்கியாக வேண்டும். முறுக்கினாலோ மூன்று விரல் அகலப் பட்டை கயிறாகிவிடுகிறது. பட்டையாக இருந்தால் பூட்டாது. பூட்டினால் பட்டையாக இராது. அந்தப் பட்டையை நம்பித்தான், மைத்துனரே, மூன்று கிலோ எடையுள்ள ஓர் உயிர் நாளை பயணப்பட இருக்கிறது!

நாளை காலை பத்து மணிக்குத் தாயையும் சேயையும் மருத்துவமனையிலிருந்து அழைத்துவர வேண்டும். செவிலியர் ஒருவர் வாயில்வரை வந்து, குழந்தை இருக்கையைக் கட்டியிருக்கும் பட்டையைத் தடவிப் பார்ப்பாராம். முறுக்கு இருந்தால் குழந்தையைக் கையில் தர மாட்டாராம். மருமகனுக்கு வண்டியோட்டத் தெரியாது. நான்தான் ஓட்ட வேண்டும். தையல் போட்ட உடம்போடு மகள் வாயிலில் நிற்க, பெயர்த்தி வெயிலில் கண் கூச, நான் பின்கதவருகே குனிந்து நின்று பட்டையோடு மல்லுக்கட்டுவதை எண்ணிப் பார்த்தீரா? நான் பார்த்தேன். நேற்றிலிருந்து வேறெதையும் பார்க்கவில்லை.

வாளாவிருந்தேன் என்று எண்ணாதீர். ஆறு மணிக்கே ஒத்திகை தொடங்கினேன். என் அகரமுதலியின் முதல் தொகுதி சரியாக மூன்று கிலோ. அதைத் துண்டில் சுற்றிக் குழந்தை இருக்கையில் கிடத்தி, பட்டையை முறுக்கியபடியே பூட்டி, வண்டியை எடுத்தேன். முதல் திருப்பத்திலேயே இருக்கை சாய்ந்தது. அகரமுதலி தலைகுப்புற விழுந்தது. வண்டியை நிறுத்தி, பதறித் தூக்கிப் பார்த்தேன். ககரம் வரை கசங்கியிருந்தது. “புத்தகந்தானேங்க” என்றாள் உம் அக்காள். நூல்தான்! ஆனால் நான் ஓட்டிய விரைவு என்ன தெரியுமா? மிதிவண்டி ஒன்று எங்களை மணியடித்து முந்திச் சென்றது. அந்த விரைவுக்கே இந்தக் கதி!

உடனே பணிமனைக்காரரை அழைத்து, “பட்டை முறுக்கிக்கொண்டது, வார்ப்பூட்டு புறங்காட்டி நிற்கிறது, விரைந்து வாரும்” என்றேன். வந்தார். வந்ததும் முன்மூடியைத் திறந்து பொறிக்குள் தலையை விட்டார்.

“பெல்ட்டு நல்லாத்தான் இருக்குங்கய்யா. இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்.”

“அந்தப் பட்டையன்று ஐயா! பின்னால்! குழந்தைக்கு! பூட்டு!”

“பின்னால... குழந்தைக்கு... பூட்டு...” என்று தலையைச் சொறிந்தவரின் முகம் திடீரென்று மலர்ந்தது. “அட, சைல்டு லாக்கா! இதைச் சொல்றதுக்கா இவ்வளவு நேரம்?”

வார்ப்பூட்டுக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர் போலும் என்று நம்பித் தலையசைத்தேன். அவர் பின்கதவின் ஓரத்தில் எதையோ ஒரு திருப்புத் திருப்பி, “இனிமே குழந்தை பத்திரம்யா” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் பறந்தார். நானும் நன்றி கூறி வழியனுப்பினேன்.

சரிபார்க்க வேண்டாமா? குழந்தை இருக்கையை எடுத்து வெளியே வைத்துவிட்டு, நானே பின்னிருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தி, பட்டையை இழுத்து, வயிற்றை எக்கி, நாக்கைச் செலுத்தினேன். பூட்டிக்கொண்டது. அதே முறுக்கு! அவிழ்க்கலாமென்றால் பொத்தான் மெத்தைக்குள் புதைந்து கிடக்கிறது, குனிந்தால் பட்டை இறுகுகிறது, நிமிர்ந்தால் கழுத்தை அறுக்கிறது, கதவையாவது திறப்போமென்றால், பணிமனைக்காரர் திருப்பிவிட்டுப் போனதிலிருந்து அது உள்ளிருந்து திறக்கவே மாட்டேன் என்கிறது, சன்னலோ இரண்டு விரல்தான் இறங்கியிருக்கிறது. போச்சு, அவ்வளவுதான் என்று அந்த இரண்டு விரல் இடைவெளியில் வாயை வைத்து, நாற்பதாண்டு மேடை கண்ட குரலில், “தோழர்களே! உதவுங்கள்!” என்று முழங்கினேன். தெருவில் போனவர்கள் நின்றார்கள். “இன்னைக்கு என்ன கூட்டம்?” என்று ஒருவர் கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது. “தெரியல. ஆனா நல்லாப் பேசறாரு” என்றார் இன்னொருவர்.

உம் அக்காள்தான் ஓடிவந்து வெளியிலிருந்து கதவைத் திறந்தாள்.

“மூச்சை உள்ள இழுங்க. இன்னும். பேசாம இழுங்கன்னா!”

பட்டைக்கு அடியில் நழுவி, முழங்காலில் தவழ்ந்து, தெருவில் வந்து விழுந்தேன். கைதட்டினார்கள்.

“விடுங்க, நான் என்னன்னு பாக்கறேன்” என்றாள் அவள். “கூடாது! குற்றம் செய்தவன் உன் தம்பி. அவனே வந்து தீர்க்கட்டும்” என்று தடுத்துவிட்டேன்.

ஆகவே என் கோரிக்கைகள்: இன்று மாலை ஆறு மணிக்குள் உரிய கருவிகளோடு நேரில் வந்து, பின்னிருக்கையைக் கழற்றி, பூட்டை நேராக்க வேண்டும். உம்மிடமுள்ள மாற்றுச் சாவியை அக்காளிடம் ஒப்படைக்க வேண்டும். இனி என் வண்டியை நீர் விரலாலும் தீண்டலாகாது!

ஆறு மணிக்கு வந்துவிட்டால் எல்லா வளமும் பெற்று நீடு வாழ்க என வாழ்த்தும்,
உம் அக்காளின் கணவன்

பின்குறிப்பு: மேற்கண்டதை அனுப்பிவிட்டு நிமிர்ந்தால், உம் அக்காள் வண்டிக்குள்ளிருந்து இறங்கி வருகிறாள்.

“என்ன செய்தாய்?”

“திருப்பினேன்.”

“எக்கருவி கொண்டு?”

“கையாலதான்.”

மெத்தையை ஒரு கையால் அழுத்தி, பூட்டை வெளியே எடுத்து, அரைச் சுற்று திருப்பியிருக்கிறாள். பட்டையில் மிஞ்சியிருந்த முறுக்கை மூலையாக மடித்து, உலோக நாக்கை அந்த மடிப்பின் மேலாகத் தள்ளியிருக்கிறாள். முறுக்கு போயிற்று. இரண்டு மணித்துளிகூட ஆகவில்லை.

“அப்படியானால் உன் தம்பி...?”

“அவன் சீட்டைக் கழட்டவே இல்லீங்க. அலமாரி நுழையலன்னு வேன் வெச்சு எடுத்துட்டுப் போனான். முந்தாநாள் பேனா விழுந்துடுச்சுன்னு அந்த இடுக்குல கைய விட்டு, அதைப் புடிச்சுத் திருகித் திருகி இழுத்தது யாரு?”

எழுதுகோலைப் பைக்குள் செருகிக்கொண்டேன்.

பட்டை இப்போது நேராக இருக்கிறது. குழந்தை இருக்கை அசையவில்லை. ஒன்பது முறை ஆட்டிப் பார்த்துவிட்டேன். அஞ்சுவதற்கு இனி எதுவுமில்லை. ஆனாலும் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து சாவியைத் துளையில் நுழைக்கப் பார்த்தேன், நுழையவில்லை. சாவியில் குறையில்லை. ஏழு முறையும் துளைக்குப் பக்கத்தில்தான் குத்தினேன்.

மைத்துனரே, எல்லாக் குற்றச்சாட்டுகளையும் திரும்பப் பெறுகிறேன். கருவி எதுவும் வேண்டாம். மாற்றுச் சாவியோடு வாரும். நாளை வண்டியை நீரே ஓட்டும். காலையில் வருகிறேன் என்று சொல்லாதீர், இப்போதே புறப்படும்!