விசேஷமும் ஃபெடரல் லாவும்

என்னால் ஒரு ரகசியத்தைக் காப்பாற்ற முடியும். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். நான் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்கிற விஷயத்தைத்தான் காப்பாற்ற முடியாது. முகம் காட்டிக்கொடுத்துவிடும். முகம் சும்மா இருந்தாலும் வாய் இருக்காது. (இரண்டும் சும்மா இருந்தது கல்யாணத்தன்று மட்டும்தான் என்பார் என் கணவர் சுந்தர்.)

இப்படிப்பட்ட ஒருத்தியை நியூ ஜெர்சியில் ஒரு மகப்பேறு கிளினிக்கின் வாசல் மேசையில் உட்கார வைத்தார்கள். அது அவர்கள் செய்த தப்பு. பிறகு நடந்ததெல்லாம் நான் செய்தது.

நாலு வருஷம் கணவரின் விசாவில் ஒட்டிக்கொண்டு பிரிட்ஜ்வாட்டர் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். வொர்க் பெர்மிட் வந்த மறு வாரமே ரிசப்ஷனிஸ்ட் வேலை கிடைத்தது. தமிழும் இந்தியும் பேசுகிறவர் தேவை என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். (என் இந்தி தனிக் கதை, இன்று வேண்டாம்.) சென்னையில் பேங்க் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவளுக்கு, கழுத்தில் மறுபடியும் ஒரு அடையாள அட்டை தொங்கியபோது அழுகையே வந்துவிட்டது. அந்த அட்டையை ஞாயிற்றுக்கிழமை வீட்டிலும் மாட்டிக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. கொஞ்சம்தான் இருக்கிறது.

முதல் வாரம் முழுக்கப் பயிற்சி. நோயாளிகளின் மருத்துவ விவரங்களைப் பாதுகாக்க இங்கே மத்திய அரசுச் சட்டம், அதாவது ஃபெடரல் லா ஒன்று இருக்கிறது. சுருக்கமாக ஹிப்பா; அதை மீறாமல் நடப்பதற்குப் பெயர் கம்ப்ளையன்ஸ். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஆபீஸ் மேனேஜர் டெனிஸ். தலையில் ஒரு மூக்குக் கண்ணாடியும் மூக்கில் இன்னொன்றும் வைத்துக்கொண்டு, வைத்த கண்ணாடியைத் தேடுகிற நல்ல மனுஷி.

“யார் வந்தார், என்ன தொந்தரவு, என்ன மருந்து, எதுவும் இந்தக் கதவைத் தாண்டக் கூடாது. இன்னார் நம்மிடம் வருகிறார் என்பதே தாண்டக் கூடாது” என்றார் டெனிஸ்.

கடைசி வாக்கியத்தை நோட்டில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். தேர்வில் நூற்றுக்கு நூறு. அன்றோடு என் குடும்பத்துக்குச் சனி பிடித்தது.

“இன்னைக்கு ஆபீஸ் எப்படி இருந்துச்சு?” என்று சுந்தர் கேட்டால், “அதை நான் டிஸ்கஸ் பண்ண முடியாது” என்பேன். “சரி, சாப்பாடு என்ன?” என்றால் அதற்கும் ஒரு கணம் யோசிப்பேன். பதினோரு வயது மகள் மீரா, “மாம், தட்ஸ் நாட் ஹவ் இட் வொர்க்ஸ்” என்று தலையில் அடித்துக்கொள்வாள். ஒருநாள் இந்தியன் ஸ்டோரில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பேஷன்ட்டைப் பார்த்துவிட்டு, அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டேன். சுந்தர் தேடிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

“கீழ என்ன பண்ற?”

“கம்ப்ளையன்ஸ்” என்றேன்.

இந்த லட்சணத்தில்தான் ஒரு வியாழக்கிழமை நித்யா கிளினிக்குக்கு வந்தாள்.

எங்கள் டவுன்ஹவுஸ் வரிசையில் நாலு வீடு தள்ளி இருக்கிற பெண். முப்பது வயது. ஏதோ ஒரு மருந்துக் கம்பெனியில் டேட்டா வேலை. அவளுடைய மாமியார் ராஜி ஆன்ட்டி கும்பகோணத்திலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்தார். மேசைக்குப் பின்னால் என்னைப் பார்த்ததும் நித்யாவின் முகம் விழுந்துவிட்டது. சுற்றிப் பார்த்துவிட்டுக் குனிந்து பேசினாள்.

“அக்கா, ப்ளீஸ். எட்டு வாரம். அத்தைக்குத் தெரியாது. இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை அவசரப்பட்டு சொல்லிட்டேன். அப்புறம் ரெண்டு தடவையும் நானே ஃபோன் பண்ணி, இல்லைன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. இந்தத் தடவை மூணு மாசம் முடியட்டும். நானே என் வாயால சொல்றேன்.”

“உங்க அத்தை ரொம்ப நல்லவங்களாச்சே?”

“அதான் பயமே. திட்டுறவங்களா இருந்தா சமாளிச்சுடலாம். இவங்க ஃபோனை கட் பண்ண மறந்துட்டு, எனக்குக் கேக்காதுன்னு நினைச்சு பாத்ரூம்ல போய் அழுவாங்க அக்கா. அதை இன்னொரு தடவை என்னால கேட்டுட்டு இருக்க முடியாது.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “நித்யா, இதுக்கெல்லாம் ஃபெடரல் லா இருக்கு. நீ நிம்மதியா இரு” என்றேன். அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டதே நான்தான் என்கிற தோரணையில் சொன்னேன்.

அடுத்த இரண்டு நாளும் எனக்குத் தூக்கமில்லை. ராஜி ஆன்ட்டி என்னைப் பார்த்தால் கட்டாயம் கேட்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். “மருமககிட்ட ஏதாவது விசேஷம் உண்டா?” என்பார். நம் ஊரில் அந்தக் கேள்விக்கு வேறு வார்த்தை ஏது? கேட்டால் பதறக் கூடாது, பொய்யும் சொல்லக் கூடாது. கண்ணாடி முன்னால் நின்று பதில் சொல்லிப் பழகினேன். ஷாம்பூ பாட்டில்தான் ராஜி ஆன்ட்டி.

சனிக்கிழமை கோயிலுக்குப் போனோம். பார்க்கிங்கில் இடம் கிடைக்காமல் மூன்று சுற்றுச் சுற்றும் அளவுக்குக் கூட்டம். தரிசனம் முடித்துக் கேன்டீனில் புளியோதரைத் தட்டுடன் திரும்பினால், எதிரே ராஜி ஆன்ட்டி. நல்லவேளையாக நித்யா வரவில்லை. பக்கத்தில் ஒரு குழந்தை வடைக்காகக் கத்திக்கொண்டிருந்தது. ஆன்ட்டி ஏதோ சொன்னார். அந்தச் சத்தத்தில் என் காதில் விழுந்தது இரண்டே வார்த்தை.

“…என்ன விசேஷம்?”

அவ்வளவுதான். பழகி வைத்த வசனம் தானாகக் கிளம்பிவிட்டது.

“சாரி ஆன்ட்டி. அதைப் பத்தி என்னால ஒண்ணும் சொல்ல முடியாது.”

“எதைப் பத்திம்மா?”

“நித்யாவைப் பத்தி. எங்க கிளினிக்குக்கு வர்றவங்களைப் பத்தி வெளியில பேசக் கூடாது. வந்தாங்கன்னும் சொல்லக் கூடாது, வரலைன்னும் சொல்லக் கூடாது. நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது, இது ஃபெடரல் லா.”

சொல்லி முடித்ததும் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பதறவில்லை, பொய்யும் சொல்லவில்லை.

ராஜி ஆன்ட்டி என்னையே பார்த்தார். “நான், இவ்ளோ கூட்டமா இருக்கே, இன்னைக்குக் கோயில்ல என்ன விசேஷம்னு கேட்டேன்.”

என் கையிலிருந்த தட்டு சாய்ந்தது. புளியோதரை சுந்தரின் வெள்ளை வேட்டியில் விழுந்தது. அவர் அசையவில்லை. அவருக்கும் புரிந்துவிட்டது.

“இல்ல ஆன்ட்டி, நான் பொதுவாத்தான் சொன்னேன். நித்யா வரலை. அதாவது, வரலைன்னும் சொல்லக் கூடாது. வந்திருந்தாலும்…” என்று மேலும் தோண்டிக்கொண்டே போனேன்.

ஆன்ட்டி கையைத் தூக்கி நிறுத்தினார். கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் சாதாரணமாக இருந்தது.

“எனக்கு இந்த இரைச்சல்ல ஒண்ணுமே கேக்கலைம்மா. நீ எதுவும் சொல்லலை. நான் இன்னொரு தடவை சாமி பார்த்துட்டு வந்துடறேன்” என்றவர், கையிலிருந்த டோக்கனை என்னிடமே கொடுத்துவிட்டுப் படியேறிப் போனார். சாப்பிடக்கூட இல்லை.

காரில் சுந்தர் வேட்டியைத் துடைத்துக்கொண்டே, “அவங்களே கேக்கலைன்னு சொல்லிட்டாங்கல்ல, விட்டுடு” என்றார். விட்டுவிடலாம்தான். டெனிஸிடம் சொன்னால் வேலை போய்விடலாம். நாலு வருஷம் காத்திருந்து கிடைத்த வேலை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் நித்யா மட்டும், ரகசியம் தன்னிடம்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு அந்த வீட்டில் நடமாடுவாள். ஏற்கெனவே இரண்டு முறை அடிபட்டவள். தன் செய்தி யார் யாருக்குத் தெரியும் என்பதுகூட அவளுக்குத் தெரியக் கூடாதா? அந்த நினைப்புதான் என்னைத் தின்றது.

திங்கட்கிழமை டெனிஸின் அறைக்குப் போனேன். டெனிஸுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அன்று ஆங்கிலமும் தெரியவில்லை.

“அந்த அம்மா உன்னிடம் என்ன கேட்டார்?” என்றார் டெனிஸ்.

“கோயிலில் என்ன பண்டிகை என்று கேட்டார்.”

“நீ என்ன சொன்னாய்?”

“நித்யாவைப் பற்றிச் சொல்ல முடியாது என்றேன்.”

டெனிஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “பண்டிகைக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்?”

“எங்கள் மொழியில் பண்டிகைக்கும் கர்ப்பத்துக்கும் ஒரே வார்த்தை.”

“வேறு ஏதாவது அர்த்தம் உண்டா?”

“சும்மா, என்ன சேதி என்று கேட்பதற்கும் அதுதான்.”

“அப்படியானால் இந்த ஊரில் யார் உனக்கு வணக்கம் சொன்னாலும் நீ இதையேதான் செய்வாயா?” என்று கேட்டுவிட்டு, டெனிஸ் பெருமூச்சுடன் படிவத்தை எடுத்தார். அந்த வார்த்தைக்கு ஸ்பெல்லிங் கேட்டார். மூன்று முறை அடித்து எழுதினார். அமெரிக்காவில் ஒரு மருத்துவக் கோப்பில் ‘விசேஷம்’ இடம்பெற்றது என் பணிக்காலத்தின் ஒரே சாதனை.

வேலை போகவில்லை. நானே வந்து சொன்னதால் எழுத்தில் ஓர் எச்சரிக்கை, மறுபடியும் முழுப் பயிற்சி, ஒரு மாதம் வாசல் மேசையிலிருந்து பின்னறைக்கு மாற்றம். அங்கே என்னோடு பேச ஒரு ஸ்கேனிங் மெஷின் மட்டும் இருந்தது. ஆனால் நித்யாவிடம் சொல்லியாக வேண்டும். அது அவளுடைய உரிமை என்றார் டெனிஸ். அன்றே ஃபோன் பண்ணினார். நித்யா மதியம் நேரில் வந்தாள். டெனிஸ் நடந்ததை விளக்கி வருத்தம் தெரிவித்தார். பிறகு நித்யாவிடம் கேட்டுக்கொண்டு என்னை உள்ளே கூப்பிட்டார்.

“உங்ககிட்ட நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன் அக்கா” என்றாள் நித்யா.

அவள் கத்தியிருந்தால் தேவலை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மேசைமேல் இருந்த டிஷ்யூ பெட்டியை எனக்கு நகர்த்துவதா அவளுக்கு நகர்த்துவதா என்று தெரியாமல் டெனிஸ் நடுவில் வைத்தார்.

நித்யா தனக்குத்தானே பேசுகிறவளாகச் சொன்னாள். “அப்போ தெரிஞ்சுதான்… சனிக்கிழமை சாயங்காலம் ஃபிரிட்ஜ்ல இருந்த பப்பாளியைத் தூக்கிக் குப்பையில போட்டாங்க. அழுகிப் போச்சுன்னாங்க. நல்லாத்தான் இருந்துச்சு. நேத்து வாக்யூம் போடப் போனேன், பிடுங்கிட்டாங்க. எனக்கு எக்சர்சைஸ் வேணும், நீ போன்னு சொன்னாங்க. முட்டி வலின்னு மாடி ஏறாதவங்க!”

“உன்கிட்ட ஏதாவது கேட்டாங்களா?”

“ஒரு வார்த்தை கேக்கலை.” அப்போதுதான் அவள் அழுதாள். நானும். பெட்டி காலியானது.

கிளம்பும்போது கதவருகில் நின்று, விரலை என் முன்னால் நீட்டினாள். “அவங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்ங்கறது அவங்களுக்குத் தெரியக் கூடாது. புரியுதா அக்கா?”

புரியவே எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. ஒரு ரகசியத்தையே தாங்காதவளின் தலையில் இப்போது இரண்டு. அடுத்த ஐந்து வாரம் ராஜி ஆன்ட்டி வாக்கிங் வருகிற நேரம் பார்த்து நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டேன். ஒருநாள் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போது மாட்டிக்கொண்டேன். ஆன்ட்டி ஒரு கணம் நின்றார். இருவரும் ஒரே சமயத்தில், “நல்ல வெயில்” என்று சொல்லிவிட்டு ஆளுக்கொரு பக்கம் நடந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது.

பதின்மூன்றாவது வாரம் ஸ்கேன் முடிந்தது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்று மாலை நித்யா எனக்கு ஃபோன் பண்ணினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை. வீட்டுக்குப் போனதும் அத்தையைச் சோபாவில் உட்கார வைத்து, “அத்தை, ஒரு விசேஷம்” என்றாளாம். ஐந்து வாரமாக எல்லாம் தெரிந்த அந்த அம்மாள், வெந்தயக்கீரை ஆய்ந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, முகத்தில் ஒன்றுமே காட்டாமல் கேட்டாராம்:

“ஏம்மா, கோயில்ல ஏதாவதா?”

“இல்லை அத்தை, எனக்கு” என்று நித்யா தன் வாயால் சொன்னாள். அதற்குப் பிறகுதான் ஆன்ட்டி அழுதார். பாத்ரூமுக்குப் போகவில்லை. அவள் மடியிலேயே தலையை வைத்து அழுதாராம்.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் யாரும் அந்த வார்த்தையை ஒழுங்காகப் பயன்படுத்த முடிவதில்லை. யாராவது “என்ன விசேஷம்?” என்றால் போதும், சுந்தர், மீரா, நித்யா எல்லாரும் கோரஸாக “ஃபெடரல் லா!” என்பார்கள். (இதை எழுத நித்யாவிடமும் ஆன்ட்டியிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். பெயர்களையும் மாற்றிவிட்டேன்.) நித்யாவின் பெண் இதைக் கேட்டே வளர்கிறாள். அந்தக் கேள்விக்கு உலகம் முழுக்க அதுதான் பதில் என்று அவள் நம்புகிறாள். போன மாதம் அவளுடைய மூன்றாவது பிறந்தநாளுக்குக் கோயிலில் அர்ச்சனை; நாங்களும் போயிருந்தோம். பட்டுப்பாவாடையுடன் நின்றவளைப் பார்த்து அர்ச்சகர், “என்ன குழந்தே, இன்னைக்கு விசேஷம்?” என்று கேட்டார்.

“ஃபெடரல் லா” என்றாள் அவள், கைகூப்பியபடி.

அர்ச்சகர் அவள் அம்மாவையும் பார்க்கவில்லை, பாட்டியையும் பார்க்கவில்லை. நேராக என்னைத்தான் பார்த்தார்.