அதியன் – வெண்மதி திருமணத்துக்கு வந்த ஆட்சேபணைகள்

சட்டப்படி இந்த நாட்டில் வயது வந்த ஆணும் பெண்ணும் மனமொத்துத் திருமணம் செய்துகொள்ள எந்தத் தடையும் கிடையாது. யாருக்காவது தடை சொல்ல ஆசை இருக்கிறதா என்று முப்பது நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைத்துக் கேட்ட பிறகு, அந்தத் தடையின்மை முறைப்படி வழங்கப்படும்.

தேனிக்கும் கம்பத்துக்கும் நடுவே ஒரு சார்பதிவாளர் அலுவலகம். ஊர்ப் பெயரைச் சொன்னால் அங்கே நாலு பேருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், வேண்டாம். அங்கே யுவராணி இளநிலை உதவியாளர். அவள் நாற்காலியில் உட்கார்ந்தால் நேரெதிரே அந்தப் பலகைதான் தெரியும்.

பலகைக்கு ஒரு நிரந்தர வாசகர் இருந்தார். கடமலைக்குண்டு சின்னக்கருப்பு. திங்களும் வியாழனும் பஸ் ஏறி வருவார். ஒட்டியிருக்கும் அறிவிப்புகளைப் படம் பிடிப்பார். வெளியே புளியமரத்தடியில் நின்று, பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒரு போன், பையனைப் பெற்றவர்களுக்கு ஒரு போன். இதற்கு அவருக்குச் சம்பளம் கிடையாது. சமூகத் தொண்டு. அவர் போன் போட்ட நாலாம் நாள், பெண்ணை வெளியூர்ச் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று செய்தி வரும்.

அதனால்தான் யுவராணியின் மேஜை இழுப்பறையில் எட்டு மாதமாக ஒரு படிவம் கிடந்தது. மணமகள் யுவராணி, பழனிசெட்டிபட்டி. மணமகன் முத்துராஜா, சுருளிப்பட்டி. குமுளி மலைக்கு ஏலத்தோட்ட வேலையாட்களை ஏற்றிப்போகும் ஜீப்பின் ஓட்டுநர். இரண்டு பேரும் வேறு வேறு தெரு. இதற்கு மேல் விளக்கினால் இந்தக் கதைக்கே ஆட்சேபணை வந்துவிடும்.

"இன்னும் எத்தனை நாளைக்கு டிராயர்லயே குடித்தனம் நடத்துறது?" என்று முத்துராஜா கேட்பான். யுவராணி கதை எழுதப் போய்விடுவாள்.

அது என்ன கதை என்று சொல்ல வேண்டும். தொலைக்காட்சியில் 'உளவுப் பிரிவு ஒன்பது' என்று ஒரு தொடர். அதியன், வெண்மதி என்று இரண்டு உளவாளிகள். நானூறு அத்தியாயமாகச் சேர்ந்தே வேலை பார்க்கிறார்கள். பனிமலையில் ஒரே கம்பளிக்குள் ஒரு வாரம் இருந்தார்கள். ஒருவருக்காக ஒருவர் தலா மூன்று குண்டு வாங்கினார்கள். ஆனால் 'உன்னைப் பிடித்திருக்கிறது' என்று ஒரு வார்த்தை இரண்டு பேர் வாயிலிருந்தும் வரவில்லை. தொடரை எடுப்பவர்கள் சேர்த்து வைக்காததால் பார்ப்பவர்களே சேர்த்து வைக்கக் கிளம்பிவிட்டார்கள். கைபேசியில் ஆளாளுக்குக் காதல் கதை எழுதினார்கள். அதில் முதலிடம் 'திராட்சைக்கொடி' என்ற புனைபெயருக்கு. அது யுவராணி என்பது முத்துராஜாவைத் தவிர யாருக்கும் தெரியாது. திராட்சைக்கொடிக்கு முதல் ரசிகை, விடாமல் கருத்து எழுதும் 'பேச்சி1974'. அது யுவராணியைப் பெற்ற தாய் முத்துப்பேச்சி. மகள்தான் எழுதுகிறாள் என்று தாய்க்குத் தெரியாது. தாய்தான் படிக்கிறாள் என்று மகளுக்கு நன்றாகத் தெரியும்.

திராட்சைக்கொடி எழுதிய அறுபதாவது அத்தியாயத்தில் அதியனும் வெண்மதியும் கம்பம் பள்ளத்தாக்கில் ஒளிந்திருந்து பதிவுத் திருமணம் செய்ய முடிவெடுத்தார்கள். எதையும் அசலாக எழுத வேண்டும் என்பது யுவராணியின் கொள்கை. அலுவலகக் கணினியில் அசல் அறிவிப்புப் படிவத்தை எடுத்து நிரப்பினாள். மணமகன் தொழில்: மத்திய அரசுப் பணி, விவரம் வெளியிட இயலாது. முகவரி: மறைவிடம், சுருளிப்பட்டி சாலை. படம் பிடித்துக் கதையில் போடலாம் என்று அச்சுக்குக் கொடுத்தாள். பிரிண்டர் வழக்கம்போல முனகிவிட்டு நின்றது. சரி, தொலையட்டும் என்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

பிரிண்டருக்கு மறுநாள் காலை பத்தரைக்கு மனம் மாறியது. வந்து விழுந்த தாளை அலுவலக உதவியாளர் சங்கிலி எடுத்துக் கையெழுத்துக்குப் போகும் கட்டுக்குள் வைத்தார். சார்பதிவாளர் சுந்தரலிங்கம் நின்றபடியே நாற்பது கையெழுத்துப் போடுகிறவர். உட்கார்ந்தால் படிக்க வேண்டிவரும் என்ற பயம். சங்கிலி வரிசை எண் போட்டு, முத்திரை குத்தி, பசை தடவி ஒட்டிவிட்டார்.

யுவராணி வந்து பார்த்தபோது பலகைக்கு முன்னால் பத்துப் பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நேரே சுந்தரலிங்கத்தின் அறைக்கு ஓடினாள்.

"சார், அந்த அறிவிப்பு தப்பா ஒட்டிட்டாக. கிழிச்சிரலாம் சார்."

"முப்பது நாளைக்கு முன்னால கிழிச்சா, கிழிச்சவர் மேல நடவடிக்கை. தப்பான அறிவிப்புன்னா, கையெழுத்துப் போட்டவர் மேல நடவடிக்கை. கையெழுத்து யாருது?"

"உங்களுது சார்."

"அப்ப சரியாத்தான் இருக்கும்."

"சார், அப்படி ரெண்டு பேரே கிடையாது."

"கிடையாதுங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

"டிவியில வர்றாக சார்."

"ஊரே பாக்க டிவியில வர்றாக. இல்லைன்னு எப்படிம்மா எழுதுறது?"

இந்தக் கேள்விக்கு அரசாங்கத்திடமே பதில் இருந்திருக்காது.

மூன்றாம் நாள் முதல் ஆட்சேபணை வந்தது. கொண்டுவந்தவர் உத்தமபாளையம் அக்தர் பேகம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, அறுபத்திரண்டு கையெழுத்துகளுடன். அவர் எதிரணி. தொடரில் அதியனுக்கு மூன்று முறை குண்டெடுத்த டாக்டர் ரூபாவுக்கே அதியன் சேர வேண்டும் என்று எழுதுகிற கூட்டத்தின் தலைவி.

"நான் சட்டத்தைப் படிச்சிட்டுத்தான் வந்திருக்கேன்," என்றார். "சித்தசுவாதீனம் இல்லாதவர் சம்மதம் செல்லாது. இருநூத்தி நாப்பதாவது எபிசோட்ல அதியனுக்கு மண்டையில அடிபட்டு ஞாபகம் போச்சு. திரும்பி வந்துச்சுன்னு இதுவரைக்கும் யாரும் சொல்லலை."

சுந்தரலிங்கம் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. "இது சரியான ஆட்சேபணை. பத்து வருஷத்துல இப்படிச் சட்டப்பிரிவோட ஒருத்தரும் கொண்டுவந்ததில்லை. எல்லாரும் சாதியச் சொல்லித்தான் சத்தம் போடுவாக."

விசாரணைக்கு நாள் குறிக்கப்பட்டது. மணமக்களுக்குச் சம்மன் போனது. மறைவிடம், சுருளிப்பட்டி சாலை என்ற விலாசத்தை நாலு நாள் தேடிய தபால்காரர், 'விலாசதாரர் இல்லை' என்று எழுதித் திருப்பினார். சுந்தரலிங்கம் கோப்பில் குறிப்பு எழுதினார்: 'உளவாளிகள் வீட்டில் இல்லாதிருப்பது அவர்தம் பணியின் தன்மைக்கு ஏற்புடையதே. இதனால் மணமக்களின் அடையாளம் உறுதியாகிறது.' கோப்பைப் புரிந்துகொள்ள முந்தைய அத்தியாயங்களும் தேவை என்று திராட்சைக்கொடியின் கதைகள் முழுவதையும் படிக்க ஆரம்பித்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் உட்கார்ந்து படித்த கோப்பு அதுதான்.

சின்னக்கருப்புதான் பாவம், திணறிப்போனார்.

"சங்கிலி, இந்தப் பய அதியன் எந்த ஆளுக?"

"உளவாளிண்ணே."

"அது தொழிலு. ஆளுக யாருங்கறேன். அப்பன் ஆத்தா நம்பர் ஒண்ணும் போடலையே. நான் யாருக்குன்னு போன் போடுறது?"

"பிரிவு ஒன்பதுன்னு போட்டிருக்குண்ணே."

அவர் அந்தப் பிரிவைச் சாதிப் பட்டியலில் தேடப் போனார்.

பத்தாம் நாள் மணமக்களுக்கு ஆதரவாக மனு வந்தது. பழனிசெட்டிபட்டி மகளிர் குழு இரண்டு ஆட்டோவில் வந்து இறங்கியது. முன்னால் நின்றவள் முத்துப்பேச்சி. யுவராணி இரண்டு அடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சாதி என்ன சார் சாதி? ரெண்டு மனசும் பொருந்திருச்சு. பெத்தவுக மனசு கல்லா இருந்தா பிள்ளைக என்ன செய்யும்? சேத்து வைக்கத்தான ஆபீஸு வச்சிருக்கீக?" முத்துப்பேச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. கூட வந்தவர்கள் முந்தானையால் மூக்கைத் துடைத்தார்கள்.

யுவராணிக்கும் கண் கலங்கியது. எட்டு மாதப் பயம் அந்த ஒரு நிமிடத்தில் விட்டுப்போனது. இழுப்பறையைத் திறந்து படிவத்தை எடுத்துக் கையெழுத்துக்குப் போகும் கட்டுக்குள் வைத்தாள். சுந்தரலிங்கம் நின்றபடி கையெழுத்துப் போட்டார். சங்கிலி பசை தடவினார். அதியன் – வெண்மதிக்குப் பக்கத்திலேயே, கண்ணுக்கு நேரே, முத்துராஜா – யுவராணி ஒட்டப்பட்டார்கள்.

அடுத்த முப்பது நாளும் அவள் நாற்காலியிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பலகையைப் பார்க்க ராயப்பன்பட்டியிலிருந்தும் போடியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஆயிரக்கணக்கான படங்கள் எடுத்தார்கள். எல்லாப் படத்திலும் ஓரத்தில் முத்துராஜா – யுவராணி தெளிவாகத் தெரிந்தார்கள். ஊர் ஊராகப் பகிரப்பட்டார்கள். முத்துப்பேச்சியின் கைபேசி முகப்பிலேயே ஒரு மாதம் இருந்தார்கள். சின்னக்கருப்பின் கைபேசியிலும் ஒன்பது படங்களில் இருந்தார்கள். சாட்சாத் சட்டம் கேட்ட விளம்பரம். ஒருவரும் படிக்கவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் யார் யாரைக் கட்ட வேண்டும் என்று கவலைப்படுகிற அத்தனை பேரும் அப்போது அதியனுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

விசாரணை இரண்டு முறை ஒத்திவைக்கப்பட்டு நாற்பத்திரண்டாம் நாள் வந்தது. அலுவலகத்தில் நிற்க இடமில்லை. அந்த நெரிசலுக்குள் முத்துராஜா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து மேஜைக்கு முன்னால் நின்றான். பக்கத்தில் யுவராணி நின்றாள். சுந்தரலிங்கம் நிமிர்ந்தார்.

"ஏம்மா, நீயா? அறிவிப்பு எப்ப போட்ட?"

"நீங்கதான் சார் கையெழுத்துப் போட்டீக."

"அப்ப சரியாத்தான் இருக்கும்," என்று பதிவேட்டைத் திறந்தார். மூன்று சாட்சி வேண்டும். சங்கிலி போட்டார். வாசலில் பத்திரம் எழுதும் ஜெபா போட்டார். மூன்றாவதாக, முன்வரிசையில் கோபமாக உட்கார்ந்திருந்த அக்தர் பேகம் போட்டார்.

"சீக்கிரம் முடிங்கம்மா," என்றார் பேனாவைத் திருப்பிக் கொடுத்தபடி. "முக்கியமான கேஸு காத்திருக்கு."

நாலு நிமிடத்தில் கல்யாணம் முடிந்தது. யுவராணி கழுத்தில் மாலையுடன் கூட்டத்தை விலக்கி வராந்தாவுக்கு வந்து, விசாரணைக்கு மகளிர் குழுவோடு வந்திருந்த தாய் முன்னால் நின்றாள். முத்துப்பேச்சி மாலையைப் பார்த்தாள். பின்னால் நின்றவனைப் பார்த்தாள்.

"எந்த ஆளுக?" என்றாள்.

யுவராணி சொன்னாள். முத்துப்பேச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏம்மா, இதே இடத்துல நின்னுதான சொன்ன, மனசு பொருந்துனாப் போதும்னு."

"அது அவுகளுக்குச் சொன்னது. அவுகளுக்குச் சொந்தமா பந்தமா, நாளைக்கு ஒருத்தன் வாசல்ல வந்து கேக்கப்போறானா? எனக்கு இருக்குல்ல. இனி வீட்டுப் பக்கம் வராத."

அதற்குள் உள்ளே தீர்ப்பு வாசிக்கும் சத்தம் கேட்டது. முத்துப்பேச்சி அவசரமாக உள்ளே போனாள். 'மணமகனின் ஞாபகசக்திக்குச் சான்றளிக்க வேண்டிய டாக்டர் ரூபா, இவ்வழக்கில் சொந்த விருப்பம் கொண்டவர் என்பதால், ஆட்சேபணை நிராகரிக்கப்படுகிறது. மணமக்கள் எந்நேரமும் திருமணம் செய்துகொள்ளலாம்.' மகளிர் குழு குலவை போட்டது. எல்லாவற்றையும் மிஞ்சிக் கேட்டது முத்துப்பேச்சியின் குலவை. யுவராணி மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

சுருளிப்பட்டியில் ஒரு வாரம் அழுதாள். பிறகு அறுபத்தோராம் அத்தியாயத்தை எழுதினாள். அதில் வெண்மதிக்குத் திடீரென்று ஒரு தாய் முளைத்தாள். மாலையும் கழுத்துமாக வந்த மகளை வீட்டுக்கு வராதே என்று சொன்னாள். வராந்தாவில் நடந்ததை ஒரு சொல் மாற்றாமல் எழுதினாள். கால் மணி நேரத்தில் பேச்சி1974 கருத்து எழுதியது: 'என்ன ஆத்தா இவ. ராட்சசி. எம் மகளா இருந்தா ஆரத்தி எடுத்து உள்ள கூட்டியிருப்பேன்.'

யுவராணி அந்த வரியைப் பத்துத் தடவை படித்தாள். "வண்டிய எடு," என்றாள் முத்துராஜாவிடம்.

பழனிசெட்டிபட்டியில் கதவைத் திறந்த முத்துப்பேச்சி மறுபடி சாத்துவதற்குள் யுவராணி கைபேசியை நீட்டினாள்.

"நீ எழுதுனதுதானம்மா?"

"அது திராட்சைக்கொடிக்கு எழுதுனது. உனக்கில்ல."

"நாந்தாம்மா திராட்சைக்கொடி."

முத்துப்பேச்சி கதவைச் சாத்தவில்லை. ஏதேதோ கணக்கு முகத்தில் ஓடியது. கடைசியில் கேட்டாள். "அடுத்து என்ன ஆகுது?"

"அதியன் வாசல்ல நிக்கிறான். வெண்மதியோட ஆத்தா உள்ள கூப்பிடணும். இல்லாட்டி கதை இதோட முடிஞ்சிருச்சு."

முத்துப்பேச்சி தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். அப்புறம் அதியனைப் பார்த்தாள். "வரச் சொல்லு," என்றாள்.

உள்ளே உட்கார்ந்தார்கள். காப்பி வந்தது. மகளுக்கு எவர்சில்வர் டம்ளரில். மருமகனுக்கு, கல்யாண வீடுகளில் மிஞ்சுமே, அந்தப் பேப்பர் கப்பில். "சூடு தாங்கும்," என்றாள் முத்துப்பேச்சி, யாரும் கேட்காமலே.

முத்துராஜா குடித்தான். குடித்துவிட்டு, கப்பைக் கசக்கித் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டான்.

மறுநாள் அறுபத்திரண்டாம் அத்தியாயம் வந்தது. தாய் ஆரத்தி எடுத்தாள், அதியன் வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தான், எல்லாரும் ஒன்றாகக் காப்பி குடித்தார்கள். நானூறு பேர் வாழ்த்தினார்கள். அசலாக இருக்கிறது என்று சுந்தரலிங்கம் எழுதினார். கண்ணீர் வந்துவிட்டது என்று எதிரணி அக்தர் பேகமே எழுதினார். பையன் எந்த ஆளுக என்று கடைசிவரை சொல்லவில்லையே என்று ஒரு புதிய வாசகர், கடமலைக்குண்டிலிருந்து, எழுதினார்.

கப்பைப் பற்றி யுவராணி எழுதவில்லை. எழுதியிருந்தால் வாசகர்களுக்குப் பிடித்திருக்காது.